மருத்துவமனை சேருமுன்: ஆராய்ச்சி கண்ட உண்மைகளும் கிராமத்தின் கடமையும்

ஆபத்து நேர்ந்த இடத்திற்கும் சிகிச்சை கிடைக்கும் இடத்திற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பட்டணத்தில் அவ்வழி குறுகியது. கிராமத்தில் அது நெடியது. வரப்பில் பாம்பு தீண்டியவர், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கியவர், சாலையில் வண்டி மோதி வீழ்ந்தவர், களத்துமேட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் ஆகிய இவர்களில் பலர் மருத்துவமனையின் வாயிலைக் காணுமுன்னரே உயிர் இழக்கின்றனர். மருந்தும் மருத்துவரும் இல்லாத குறையினால் மட்டுமே இவ்வாறு நேர்வதில்லை. இடைப்பட்ட நேரத்தில் அருகிலிருந்தோர் செய்யத் தக்கதைச் செய்யாமையாலும், செய்யத் தகாததைச் செய்தமையாலும் நேர்வதுண்டு.

நம் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டில் 108 என்னும் அவசர ஊர்திச் சேவை தொடங்கப் பெற்றது. அவ்வெண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி ஊர் தேடி வருகிறது. இஃது ஒரு பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வண்டி வந்து சேரும் வரையிலுள்ள நேரம் ஊராரின் பொறுப்பிலேயே இருக்கிறது. அந்நேரத்தில் யாது செய்ய வேண்டும் என்பது பற்றி அண்மைக் காலத்து மருத்துவ ஆராய்ச்சி பல உண்மைகளைத் தெளிவாக்கியிருக்கிறது. நெடுங்காலம் நல்லவை என்று கற்பிக்கப்பட்ட சில செயல்கள் தீங்கானவை என்று தெரிந்தன. தீங்கானது என்று விலக்கப்பட்ட ஒரு செயல் உயிர் காப்பது என்று தெரிந்தது. இவ்வுண்மைகள் மருத்துவ ஏடுகளிலேயே தங்கிவிடுமாயின் வயலில் வீழ்ந்தவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஆகவே கிராமத்திற்கு மிக வேண்டியவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

உண்மை சோதிக்கப்படும் முறை

ஒரு சிகிச்சை நல்லதா, அல்லதா என்பதை மருத்துவர் எவ்வாறு அறிகின்றனர்? இக்கேள்விக்கு விடை காண்பது விவசாயிகளுக்குக் கடினமன்று. ஏனெனில் அந்த முறையே வயலிலிருந்து மருத்துவத்திற்குச் சென்றதாகும்.

புதிய உரம் ஒன்று வருகிறது. அதனை மேட்டாங்கால் நிலத்தில் இட்டு, பழைய உரத்தைச் செழிப்பான வண்டல் நிலத்தில் இட்டால், விளைச்சலின் வேறுபாடு உரத்தினால் வந்ததா, மண்ணினால் வந்ததா என்று சொல்ல இயலாது. ஒரே வயலைப் பல பாத்திகளாகப் பிரித்து, எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், 1920-களில் ஆர்.ஏ. ஃபிஷர் என்னும் அறிஞர் இந்த முறைக்குக் கணித அடிப்படை வகுத்தார். பின்னர் மருத்துவர்கள் இதனை ஏற்றனர். காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசின் மருந்து பயன்படுமா என்பதை இவ்விதம் சோதித்து 1948-இல் இங்கிலாந்தில் முடிவு வெளியிட்டனர்.

நம் சென்னை நகருக்கும் இவ்வரலாற்றில் சிறப்பான இடமுண்டு. காசநோயாளிகளை நோயில்லத்தில் சேர்த்தே குணப்படுத்த வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் உலகெங்கும் நிலவியது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளைச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்கு நோயில்லத்திலும் சிகிச்சையளித்தது. ஒழுங்காக மருந்துண்டால் வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பயன் தருகிறது என்பது 1959-இல் வெளியாயிற்று. பெரியோர் பலர் நம்பினர் என்பதனாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடாது. சோதித்துப் பார்த்தே கொள்ள வேண்டும் என்பதை உலகம் நம்மிடமிருந்தும் கற்றது. இனி, இதே கண்கொண்டு கிராமத்தில் அடிக்கடி நேரும் ஆபத்துக்களை நோக்குவோம்.

பாம்புக் கடி: கட்டக் கூடாத கட்டு

பாம்பு கடித்தவுடன் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவது நம் கிராமங்களில் பரம்பரை வழக்கம். நஞ்சு மேலே ஏறாமல் தடுத்துவிடலாம் என்பதே அதன் கருத்து. கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் நடைமுறையில் நேர்வது வேறு.

நம் நாட்டில் உயிர்ச் சேதம் மிகுதியாக விளைக்கும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கண்ணாடி விரியனின் நஞ்சு கடித்த இடத்துத் தசையை அழிக்கும். இரத்தம் உறையும் தன்மையையும் கெடுக்கும். இறுகக் கட்டினால் நஞ்சு ஓரிடத்திலேயே தேங்கித் தசையை மேலும் அழிக்கிறது. இரத்த ஓட்டம் நின்று, கைகால் அழுகி, அதனை வெட்டி எடுக்கும் நிலையும் வருகிறது. கட்டை அவிழ்க்கும்பொழுதோ தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலில் பரவுகிறது. ஆகவே இறுகக் கட்டுதல் கூடாது என்பதே நம் நாட்டு மருத்துவ நெறி.

கடிவாயைக் கத்தியால் கீறுவதும் அவ்வாறே தீங்கானது. இரத்தம் உறையாத நிலையில் கீறிய இடத்திலிருந்து பெருகும் இரத்தத்தை நிறுத்துவது அரிது. நஞ்சை உறிஞ்சி எடுக்கலாம் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நஞ்சுக்குப் பதிலாகத் தீங்கற்ற நீர்மம் ஒன்றில் அளந்தறியத் தக்க கதிரியக்கப் பொருளைக் கலந்து, இசைந்து வந்தோரின் காலில் ஊசி வழியே செலுத்தினர். பின்னர் உறிஞ்சு கருவி வைத்து உறிஞ்சினர். செலுத்தியதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெளிவரவில்லை. கருவியால் இயலாதது வாயினால் எவ்வாறு இயலும்?

அயல்நாட்டு முறை ஒவ்வொன்றும் நமக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1979-இல் சதர்லாண்டு என்னும் மருத்துவர், கடிபட்ட உறுப்பு முழுவதையும் அகன்ற துணியால் அழுத்திச் சுற்றி அசையாமல் வைக்கும் முறையை வகுத்தார். அந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சுக்கு அது பொருத்தமாயிற்று. நம் நாட்டிலோ விரியன் கடி மிகுதி. அழுத்திச் சுற்றினால் நஞ்சு தேங்கித் தசை அழியும் அபாயம் உண்டு. ஒரு மண்ணுக்கு ஏற்ற விதை மற்றொரு மண்ணுக்கு ஏற்காதது போன்றதே இதுவும்.

அவ்வாறாயின் என்ன செய்ய வேண்டும்? முதலாவதாக, கடிபட்டவருக்குத் தைரியம் கூற வேண்டும். பாம்புகளில் பல நஞ்சற்றவை; நஞ்சுள்ள பாம்பும் எல்லாக் கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. இரண்டாவதாக, அவரை நடக்கவோ ஓடவோ விடலாகாது. எலும்பு முறிந்தவருக்கு வைப்பது போல் ஒரு பலகையையோ மூங்கிற் பட்டையையோ வைத்து, இரத்த ஓட்டம் தடைப்படாதவாறு தளர்வாகக் கட்டி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைக்க வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். மயக்கமோ வாந்தியோ இருப்பின் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூன்றாவதாக, பாம்புக் கடி நஞ்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்ல வேண்டும். மந்திரிப்பவரிடமும் பச்சிலை கொடுப்பவரிடமும் கழியும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு உலை வைப்பதாகும். பாம்பைத் தேடிப் பிடித்தல் வேண்டா. நம் நாட்டு மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. அதற்கு வேண்டிய நஞ்சை, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியிலிருந்து நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது என்பது கூட்டுறவு இயக்கத்தினர் பெருமை கொள்ளத் தக்க செய்தி.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை. தரையில் படுத்து உறங்குவோரை இது இரவில் கடிக்கிறது. வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். பல் பட்ட தடமும் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமைகள் தாமே மூடுதல், விழுங்கவும் பேசவும் இயலாமை ஆகியவை தோன்றினால் பாம்புக் கடியெனச் சந்தேகித்து உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இவ்வளவும் ஏன் கூறுகிறோம்? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை, ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என 2020-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. 2011-இல் வெளியான முந்திய ஆராய்ச்சி, இவ்விதம் மாண்டோரில் நூற்றுக்கு 97 பேர் கிராம மக்கள் என்றும், நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைக்கு வெளியிலேயே மாண்டனர் என்றும் காட்டியது. மருந்து இருந்தும் அம்மருந்தை எட்டாமல் போன உயிர்கள் இவற்றுள் எத்தனை! இதனை உணர்ந்தே தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் பாம்புக் கடியைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டியதாக ஆக்கியது.

இரத்தப் பெருக்கு: கட்ட வேண்டிய கட்டு

பாம்புக் கடிக்குக் கட்டு ஆகாது என்றோம். கைகாலில் பெருங்காயம் பட்டு இரத்தம் பீறிடும்பொழுதோ அதே கட்டு உயிர் காக்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

முன்னர் முதலுதவி கற்பித்தோர் இரத்தப் பெருக்கிற்கும் கட்டுப் போடுவதைத் தவிர்க்குமாறு கூறி வந்தனர். கட்டினால் கைகால் கெட்டுவிடும் என்று அஞ்சினர். ஈராக்கு நாட்டுப் போரின்போது பாக்தாது நகரிலிருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் இது நேரே கவனிக்கப்பட்டது. 2009-இல் வெளியான முடிவின்படி, அதிக இரத்தம் இழந்து உடல் சோர்ந்து போகுமுன் கட்டுப் போடப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் பிழைத்தனர். சோர்ந்த பின்னர் கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேரே பிழைத்தனர். கட்டுப் போட்ட காரணத்தால் மட்டும் எவரும் கைகாலை இழக்கவில்லை. இது சீட்டு முறைச் சோதனையன்று. சாகும் நிலையிலுள்ளவரைச் சீட்டுப் போட்டுக் கட்டாமல் விடுவது அறமாகாது. எனினும் கிடைத்த சான்று வலிமையானது. முதலுதவிப் பாடமும் அதற்கேற்ப மாறியது.

காயத்திலிருந்து இரத்தம் பெருகினால், முதலில் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தல் கூடாது. பெரும்பாலான காயங்களுக்கு இதுவே போதும். கைகால் துண்டாகியோ நசுங்கியோ, அழுத்தியும் இரத்தம் நில்லாது பீறிட்டால் கட்ட வேண்டும். விவசாயியின் தோளில் கிடக்கும் துண்டே அதற்குப் போதும். அதனை மூன்று விரற்கடை அகலமாக மடித்து, காயத்திற்கு மூன்று நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாதவாறு சுற்றி முடிச்சிட்டு, முடிச்சில் பலமான குச்சி ஒன்றைச் செருகி, இரத்தம் நிற்கும் வரை முறுக்கி, குச்சி அவிழாதபடி கட்டிவிட வேண்டும். கயிறு, கம்பி, நரம்பு போன்ற மெல்லியவை தசையை அறுக்குமாதலால் ஆகா. கட்டிய நேரத்தைக் குறித்து ஆம்புலன்ஸில் வருவோரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனை சேரும் வரை கட்டைத் தளர்த்தலாகாது.

மருந்து பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் 1962-இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம் என்னும் விலை மலிந்த மருந்து, உறைந்த இரத்தம் மீண்டும் கரைவதைத் தடுப்பது. விபத்தில் இரத்தம் இழந்தோருக்கு இது பயன்படுமா என்பதை இந்தியா உட்பட 40 நாடுகளில், 274 மருத்துவமனைகளில், 20,211 பேரிடம் சீட்டு முறையில் சோதித்து 2010-இல் முடிவு வெளியிட்டனர். மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 16 பேரும் பெற்றோரில் 14.5 பேரும் மாண்டனர். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயிரம் பேருக்குப் பதினைந்து உயிர் என்று எண்ணினால் அதன் அருமை விளங்கும். அடுத்த ஆண்டில் நிகழ்ந்த ஆய்வு இதனினும் முக்கியமான ஒன்றைக் காட்டியது. காயம்பட்ட மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பயன்; அதற்குப் பின் கொடுத்தால் தீமையும் விளையலாம். ஒரே மருந்து, ஒரே நோயாளி. நேரம் தவறினால் நன்மையே தீமையாகிறது. பருவம் தவறிய உழவுக்கு உவமை வேறு வேண்டுமோ?

ஆம்புலன்ஸிலேயே இம்மருந்தைக் கொடுத்தால் என்ன என்று ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் சோதித்து 2023-இல் வெளியிட்டனர். முதல் மாதத்தில் இறந்தோர் தொகை சற்றுக் குறைந்தது. ஆயினும் ஆறு மாதங்களுக்குப் பின் நல்ல உடல்நிலையில் வாழ்வோர் தொகை கூடவில்லை. ஆகவே இம்மருந்து அருமருந்தாயினும் சர்வரோக நிவாரணியன்று. எம்மருந்தை எப்பொழுது கொடுப்பது என்பது மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் நேரத்தோடு சேர்ப்பது நம் பொறுப்பு.

நின்ற இதயமும் இரு கைகளும்

ஒருவர் திடீரென வீழ்கிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்லை. மூச்சு இல்லை, அல்லது இடைவிட்டு விக்குவது போன்ற மூச்சே இருக்கிறது. இதயம் நின்றுவிட்டது என்பதற்கு இவையே அறிகுறிகள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதிலும், வாயில் சோடா ஊற்றுவதிலும், உள்ளங்காலைத் தேய்ப்பதிலும் காலம் கழிந்தால் சில நிமிடங்களில் மூளை அழியத் தொடங்கும்.

1960-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவனும் அவர்தம் துணைவரும், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தை நிலைநிறுத்தலாம் என வெளியிட்டனர். அப்பணிக்கு இரு கைகளைத் தவிர வேறொன்றும் வேண்டுவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மையின் சிறப்பு. பின்னர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும் அதனுடன் சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. அன்னியர் வாயில் வாய் வைக்கக் கூசியும், முறை மறந்தும் பலர் ஒன்றும் செய்யாது நின்றுவிட்டனர். மூச்சு ஊதாமல் மார்பை மட்டும் அழுத்தினால் போதுமா? சுவீடன் நாட்டிலும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும், லண்டன் நகரிலும் இது சோதிக்கப்பட்டது. அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்தோருக்கு, சீட்டு முறையில் சிலருக்கு ஒரு விதமாகவும் சிலருக்கு மறு விதமாகவும் வழி சொல்லப்பட்டது. மார்பை அழுத்துதல் மட்டுமே செய்தாலும் பிழைப்போர் தொகை குறைவதில்லை என்பது 2010-இல் தெரிய வந்தது. பயிற்சி இல்லாதவரும் துணிந்து கை வைக்க இது வழி செய்தது.

முறை எளிது. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் வீழ்ந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். மார்பின் நடுவே ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல், மார்பு இரண்டு அங்குலம் அமிழுமாறு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் எழும்ப விட வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். களைப்பு மிகுமாதலால் இரண்டு நிமிடத்திற்கு ஒருவராக மாறி மாறிச் செய்தல் நன்று. உதவி வரும் வரை நிறுத்தலாகாது. கிணற்றிலோ குளத்திலோ மூழ்கியவருக்கும் சிறு குழந்தைகளுக்கும் மூச்சு ஊதுதலும் அவசியம். அவர்கள் மூச்சு முட்டியமையால் இதயம் நின்றவர்கள் என்பதே காரணம். இம்முறையைப் பயிற்சியின் வாயிலாகவே கற்றுக்கொள்ள வேண்டும்.

கைகளின் இச்சிறு தொழிலுக்கு முன்னே மருந்து எவ்வளவு செய்கிறது? இதயம் நின்றவருக்கு ஆம்புலன்ஸில் அட்ரினலின் என்னும் மருந்தை ஊசி வழியே கொடுப்பது நெடுங்கால வழக்கம். இங்கிலாந்தில் 8,014 பேரிடம் இதனைச் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 3.2 பேரும் பெறாதோரில் 2.4 பேரும் முப்பது நாள் கடந்து வாழ்ந்தனர். ஆனால் அவ்வாறு பிழைத்தவர்களுள் மூளை கடுமையாகப் பழுதுற்றோர் மருந்து பெற்ற பிரிவில் மிகுந்திருந்தனர். அருகிலிருப்பவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்குவது எத்துணை விலைமதிப்பற்றது என்பதை இதனால் உணரலாம்.

இதயம் நிற்பதற்கு முன்னரே அடையாளம் காட்டுவதும் உண்டு. மார்பில் பாரம் வைத்தாற் போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனை, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை வாயுத் தொல்லை என்று தள்ளிவிட்டு இஞ்சிச் சாற்றோடு இருந்துவிடுவோர் பலர். 17,187 பேரிடம் நிகழ்த்தி 1988-இல் வெளியிட்ட சோதனையில், மாரடைப்பு நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்ததனால் ஐந்து வாரத்திற்குள் இதய, இரத்தக் குழாய் நோயால் இறப்போர் தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இத்தகைய ஆராய்ச்சியின் பயனை ஊருக்கே கொண்டு வருவதுதான் 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும், மாரடைப்பின் அறிகுறியோடு வருவோருக்கு ஆஸ்பிரின் முதலிய முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது இதன் நோக்கம். நெஞ்சு வலி கண்டவர் தாமாக மாத்திரை தேடாமல் 108-ஐ அழைக்கவும் நிலையத்தை அடையவும் வேண்டும்.

அண்டை நாட்டு கிராமங்கள் காட்டிய வழி

இவையெல்லாம் பட்டணத்து மருத்துவர் பேச்சு; நம் ஊரில் நடக்குமா என்று சிலர் ஐயுறலாம். அவர்களுக்கு நேபாள நாட்டின் தென்கிழக்கிலுள்ள தமக் என்னும் ஊரை அடுத்த கிராமங்கள் விடையளிக்கின்றன. நெல் வயல்கள் நிறைந்த அப்பகுதியில் பாம்புக் கடி மிகுதி. ஆம்புலன்ஸ் வரும் வழியில்லை. ஆனால் ஊரில் மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. மருத்துவர்களும் ஊராரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். வண்டி வைத்திருந்த தொண்டர்கள் இரவு பகல் எந்நேரமும் அழைத்தால் வர இசைந்தனர். கடிபட்டவரை ஓட்டுபவருக்குப் பின்னே அமர்த்தி, அவருக்குப் பின்னே மற்றொருவர் தாங்கிக்கொண்டு அமர்ந்து, சிகிச்சை நிலையத்திற்குக் கொண்டு சேர்த்தனர். கட்டாதீர், கீறாதீர், காலம் தாழ்த்தாதீர் என்று ஊர்தோறும் எடுத்துரைத்தனர். முன்னர் கடிபட்டோரில் நூற்றுக்கு 10.5 பேர் மாண்ட இடத்தில், இவ்வேற்பாட்டிற்குப் பின் நூற்றுக்கு 0.5 பேரே மாண்டனர் என்று 2013-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. கடியின் தொகையும் குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் இதற்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்துக்கும் இருந்த நோயாளிக்கும் நடுவிலிருந்த வழியை ஊரார் சுருக்கினர், அவ்வளவே.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மனம் வைத்தால் பெரும் பணச் செலவின்றிச் செய்யத் தக்கவை பல உள.

முதலாவது, செய்தி. பாம்புக் கடி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் எந்த மருத்துவமனையில் உள்ளன, இரவில் மருத்துவர் எங்கே இருப்பார், அங்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றை நேரில் விசாரித்தறிந்து, பஞ்சாயத்து அலுவலகத்திலும் நியாய விலைக் கடையிலும் பள்ளியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை அதனைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, வழி. குக்கிராமங்களுக்கும் தோட்ட வீடுகளுக்கும் செல்லும் பாதையின் முகப்பில் இரவிலும் தெரியத் தக்க பெயர்ப் பலகை வைத்தால் ஆம்புலன்ஸ் வழி தேடித் திரியாது. அழைத்தவர் ஒருவரைச் சாலை முனையில் விளக்கோடு நிற்கச் செய்தல் நன்று. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடங்களில் உதவ, வண்டி வைத்திருப்போரின் பெயர்ப் பட்டியல் ஒன்று முறை வைத்து இருக்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. மகளிர் சுய உதவிக் குழுவினர், வண்டி ஓட்டுநர்கள், டிராக்டர் ஓட்டுவோர், இளைஞர் மன்றத்தினர், மேல் வகுப்பு மாணவர்கள் ஆகியோருக்கு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் துணையோடு, மார்பை அழுத்தவும் இரத்தப் பெருக்கை நிறுத்தவும் கற்றுக் கொடுக்க வேண்டும். கற்றது கையில் நிற்க, ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் பழக வேண்டும்.

நான்காவது, அச்சம் நீக்குதல். விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் வழக்கு வருமே, போலீஸ் நிலையத்திற்கு அலைய வேண்டுமே என்று விலகி நிற்போர் உண்டு. உதவி செய்வோரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ‘நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கி, சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வகை செய்தது. இவற்றை ஊர்தோறும் அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, வருமுன் காத்தல். இரவில் வரப்பில் நடப்போர் கையில் விளக்கும் காலில் உயர்ந்த செருப்பும் கொள்ளுதல், கட்டிலில் கொசுவலைக்குள் உறங்குதல், வீட்டருகே விறகையும் குப்பையையும் குவிக்காதிருத்தல் ஆகியவை பாம்புக் கடியைத் தவிர்க்கும். கொசுவலைக்குள் உறங்குவோரைப் பாம்பு தீண்டுவது மிக அரிது என்பதும் 2007-இல் நேபாளத்திலிருந்தே வெளியான ஆராய்ச்சி.

இறுதியாக ஒன்று. ஊரில் ஆபத்து நேரும்பொழுதெல்லாம், எப்பொழுது நேர்ந்தது, எப்பொழுது 108 அழைக்கப்பட்டது, வண்டி எப்பொழுது வந்தது, இடையில் என்ன செய்யப்பட்டது, முடிவு என்ன என்ற ஐந்து குறிப்புகளை, பெயர் குறிக்காமல், பஞ்சாயத்தில் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். கிராம சபை கூடும்பொழுது அதனைப் படித்துப் பார்த்தால், நேரம் எங்கே வீணாயிற்று என்பது தானே வெளிப்படும். பாதையிலா, பேச்சிலா, மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையிலா என்பது தெரிந்த பின்னர், அதனைத் திருத்துவது ஊராரின் கையில் உள்ளது. உலகின் பெரிய ஆராய்ச்சிகளும் இவ்விதம் நேர்மையாகக் குறித்து வைத்தலிலிருந்தே தொடங்கின.

மருத்துவ அறிவு ஆண்டுதோறும் வளர்கிறது. நாம் இங்கே கூறியவற்றில் சில நாளை மேலும் திருந்தலாம். அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. புதிய விதையை ஏற்றுக்கொண்டு நம் விவசாயிகள் விளைச்சலைப் பெருக்கினர்; பயன்படாத பழைய முறைகளைத் துணிந்து கைவிட்டனர். அதே துணிவை உயிர் காக்கும் துறையிலும் காட்டுவார்களாயின், வண்டி வரும் வரை கைகட்டி நிற்கும் நிலை மாறும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டு, பஞ்சாயத்துக்கள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.